பொய்மீனுக்கு நூல் தேடியவர்

பஸ் இரண்டாம் தடவையும் ஹோன் அடித்தது. தியாகலிங்கம் நகரவில்லை. தங்கூசி என்று ஊரில் சொல்லும் நைலோன் நூலின் ஒரு நுனி றஞ்சித்தின் கடைக் கதவில் கட்டியிருந்தது. மறு நுனி அவருடைய இடுப்பில் இரண்டு சுற்று. கால்களை ஊன்றி, முதுகைத் தெருப்பக்கம் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி நின்றார். பருத்தித்துறையில் தூண்டில் நூல் வாங்க வருகிற வேறு யாரும் இப்படி வாங்குவதில்லை.

"அறுந்தால் பஸ்ஸுக்குக் கீழைதான் அண்ணை," என்றார் கடைக்காரர் றஞ்சித்.

"அறாதெண்டபடியால்தானே சாய்ஞ்சு நிக்கிறன்."

அவருக்கு வயது அறுபத்துமூன்று. கடலில் நாற்பத்தைந்து வருடம். நூல் விஷயத்தில் அவருடைய கொள்கை ஒன்றேதான்: தடிப்பு. "நூலெண்டால் மாடு கட்டினாலும் நிக்கவேணும்" என்பார். வீட்டில் உடுப்புக் காயப்போடுவது தங்கூசியில். வாசல் படலை கட்டியிருப்பது தங்கூசியில். மூக்குக் கண்ணாடி கழுத்தில் தொங்குவதும் தங்கூசியில்தான். கண்ணாடி எத்தனையோ தரம் உடைந்துவிட்டது, நூல் மட்டும் அதே நூல்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கதை இருக்கிறது. கலியாண வீட்டுப் பந்தியிலும் அதைச் சொல்லுவார், செத்த வீட்டிலும் சொல்லுவார். பத்தொன்பது வயதில் ஒரு பெரிய கலவாய் மீன் தூண்டிலில் பட்டு, படகு விளிம்பு வரை வந்து, நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. "அந்த 'டிக்' எண்ட சத்தம் இன்னும் காதுக்கை கிடக்குது, கண்டியளோ," என்று வலது காதைத் தொட்டுக் காட்டுவார். கலவாயின் நீளம் வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டு போகிறது.

அப்படிப்பட்டவரைச் சோதிக்கத்தான் இரண்டு வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவன் மருமகன் கஜீவன், மகள் சுபாஜினியின் கணவன். அதுவரை மாமனாரும் மருமகனும் பேசிய பேச்சு மொத்தமும் ஒரு தபாலட்டைக்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சுகமோ மாமா?" "ஓம் தம்பி, சுகம்." அதற்குமேல் இருவருக்கும் வாய் வராது. போன் உடனே மனைவி ஞானாம்பிகையின் கைக்குப் போய்விடும்.

பார்சலுக்குள் நாலு பொய்மீன்கள் இருந்தன. பிளாஸ்டிக் உடம்பு, வயிற்றில் கொக்கிகள், முகத்துக்கு முன்னால் கண்ணாடிபோல ஓர் அகன்ற நாக்கு. படகின் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடினால் அந்த நாக்கு தண்ணீரைக் குத்திக்கொண்டு ஆழத்துக்கு இறங்குமாம். பெட்டியில் எட்டு மீற்றர் என்று போட்டிருந்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்கிற தியாகலிங்கத்தின் கணக்கில் நாலு பாகத்துக்கும் கொஞ்சம் கூட. அந்த ஆழத்தில் மேல்முனை நிற்கிற ஒரு கடலடிக் கல்லை அவருக்குத் தெரியும். அங்கே எப்போதும் மீன் நிற்கும்.

அடுத்த ஞாயிறு மாமனும் மருமகனும் ஒரு மணித்தியாலம் பேசினார்கள். அதற்கடுத்த ஞாயிறும். காற்று, நீரோட்டம், கல்லு, கொக்கி என்று பேச்சு ஓடியது. கனடாவில் ஓர் ஏரியில் கஜீவன் பிடித்த மீனுக்கு இவர் பேர் கேட்டார். அவன் சொன்ன பேர் இவருடைய வாயில் நுழையவில்லை, இருவரும் சிரித்தார்கள். தியாகலிங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும்போதே ஒரு சந்தோஷம் வந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் இப்படி ஒருவன் கிடைத்தானே என்று மனம் குளிர்ந்தது.

ஆனால் பொய்மீன் இறங்கவில்லை. தடித்த தங்கூசியில் கட்டி இழுத்தால் ஒரு பாகம் இறங்கிவிட்டு அங்கேயே நின்றது. ஈயம் கட்டிப் பார்த்தார், அது பக்கவாட்டில் சரிந்து பம்பரம்போலச் சுற்றியது. "கனடாச் சாமானுக்கு எங்கடை உப்பு ஒத்துக்கொள்ளேல்லை," என்று ஞானாம்பிகையிடம் தீர்ப்புச் சொன்னார். மருமகனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. "ஏதும் பட்டுதோ மாமா?" என்று அவன் ஆசையாகக் கேட்டபோது வாய் தன்பாட்டில் "ஓம்" என்றது.

அன்றிலிருந்து மீன்காரி ஜெசிதாவின் தட்டுக்கு ஒரு புது வாடிக்கை. சந்தையில் அவர் தலை தெரிந்ததும் அவள் கேட்பாள்: "அண்ணை, இண்டைக்குப் படத்துக்கோ, குழம்புக்கோ?" படத்துக்கு என்றால் கண் துலங்குகிற மீனாகப் பார்த்து எடுத்துத் தருவாள். கடற்கரையில் ஏற்றிவைத்த படகுக்குள் ஏறி நின்று, மீனின் வாயில் பொய்மீனின் கொக்கியை மாட்டி, கையை முன்னால் எவ்வளவு நீட்டலாமோ அவ்வளவு நீட்டுவார். படத்தில் முரல் மீனும் சுறாமீன் மாதிரி இருக்கும். கஜீவனுக்கு அனுப்ப அந்தப் படத்தை எடுப்பது ஞானாம்பிகை. "பொய்யைப் பிடிச்சுக்கொண்டு உவ்வளவு பல்லைக் காட்டாதேங்கோ," என்பாள்.

ஒருநாள் ஜெசிதாவிடம் ஓரா மீன்தான் இருந்தது. அவசரத்தில் அதையே மாட்டிப் படம் அனுப்பிவிட்டார். ஓரா பாசி மேய்கிற மீன், பொய்மீனைத் திரும்பியும் பார்க்காது. "மாமா! பாசி தின்னிற ஓராவே கடிச்சிருக்கே! நீங்கள் ஆள் அந்தமாதிரி!" என்று கஜீவன் மெச்சிப் பதில் எழுதினான். அதற்கு அடுத்த மாதம் ஊருக்கு வர ரிக்கெற்றும் போட்டுவிட்டான். மாமா பொய்மீனால் பிடிக்கிற விதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

தியாகலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வந்து பார்த்தால் இரண்டு வருடப் புளுகு ஒரு காலையில் வெளுத்துவிடும். மீன் போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடுமே என்பதுதான் அவருடைய பயம். அதனால்தான் றஞ்சித்தின் கடை வாசலில் பஸ்ஸை மறித்துக்கொண்டு இன்னும் தடித்த நூல் தேடினார்.

முழுக் கதையையும் கேட்ட றஞ்சித் தலையில் கை வைத்தார். "அண்ணை, பொய்மீன் கீழை போகத்தான் பாக்குது. உங்கடை தடிச்ச நூலைத் தண்ணி பிடிச்சுக்கொண்டு மேலை தூக்குது. மெல்லிசு நூல் போட்டால்தான் இறங்கும்." மேசையில் ஒரு பின்னல் நூல் சுருளை வைத்தார்.

"உது பூ மாலை கட்டிற நூலடாப்பா."

"சாய்ஞ்சு பாருங்கோவன்."

அதைக் கதவிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, புதுக் கதிரையில் குந்துகிறவர்போலப் பயந்து பயந்து சாய்ந்தார். பிறகு முழுப் பாரத்தையும் கொடுத்தார். 'டிக்' கேட்கவில்லை. 'படார்' கேட்டது. கதவின் பிணைச்சல் கழன்று வந்து, தியாகலிங்கம் தெருவில் இருந்தார். நூல் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் தனியாகக் கடலுக்குப் போய் அதே பொய்மீனை மெல்லிய நூலில் இழுத்தார். நூல் விரலில் நடுங்கியது, இறங்கியது, இன்னும் இறங்கியது, பிறகு கல்லில் டொக் டொக் என்று முட்டுவது கைக்கு வந்தது. அவருக்கு மயிர் கூச்செறிந்தது. என்றாலும் கரைக்கு வரும்போது பழைய பயமும் கூடவே வந்தது. முட்டுவது வேறு, மீன் இழுப்பது வேறு.

கஜீவன் வந்தான். மறுநாள் மாமியோடு சந்தைக்குப் போய்வந்தவன், வந்ததிலிருந்து தனக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தான். ஊர் வெயில் பட்ட சந்தோஷம் என்று தியாகலிங்கம் நினைத்தார். பின்னேரம் தானும் ஜெசிதாவிடம் நழுவிப் போனார்.

"படத்துக்கோ அண்ணை, குழம்புக்கோ?"

"இது பயத்துக்குப் பிள்ளை. ஒரு பாரை தா."

விடிய இருவரும் புறப்பட்டார்கள். ஏரியில் படகு ஓட்டிப் பழகிய கஜீவன் இஞ்சினைப் பிடித்தான். படகின் முன்பக்கம், அணியத்தில், ஐஸ் போட்ட பெட்டிக்குள் ஜெசிதாவின் பாரை ஒளிந்திருந்தது. தியாகலிங்கத்தின் காலடியில் இரண்டு நூல்கள். தடித்ததைப் போட்டால் ஒன்றும் படாது, மருமகன் அந்தப்பக்கம் பார்க்கும்போது பாரையை மாட்டிவிடலாம். மெல்லியதைப் போட்டால் மீன் படலாம், அறுந்தும் போகலாம். தடித்ததை எடுத்தார். வைத்தார். கஜீவன் சின்னப்பிள்ளை மாதிரி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லியதை எடுத்துப் பொய்மீனைக் கட்டினார்.

கல்லுக்கு மேலே மூன்றாம் தரம் ஓடும்போது கையைப் பிடுங்கியது. பழக்க தோஷத்தில் நூலை விரலில் சுற்றி இறுக்கிவிட்டார். நூல் கத்திபோல விரலில் இறங்கியது. இரத்தம் வழிய, வலது காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இழுத்தார். 'டிக்' வரவேயில்லை. வந்தது ஒரு கலவாய். சரியாக ஒரு சாண்.

"கலவாய்! மாமா, கலவாய்!" கஜீவன் இஞ்சினை நிறுத்திவிட்டுத் துள்ளினான். மீனைப் போட ஐஸ் பெட்டியை நோக்கிப் பாய்ந்தான். "தம்பி, அதைத் திறவாதை" என்று அவர் சொல்லி முடிக்கும்போது மூடி அவனுடைய கையில் இருந்தது.

பாரை கண் துலங்கப் படுத்திருந்தது. தியாகலிங்கம் சாரத்தின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு கடலைப் பார்த்தார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் முடிந்தது என்று நினைத்தார்.

"மாமா," என்றான் கஜீவன், "இது படத்துக்கோ, குழம்புக்கோ?"

நேற்று அவன் சந்தையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "எப்ப தொட்டுத் தெரியும்?"

"ஓரா வந்த அண்டைக்கே சந்தேகம். நேற்று சந்தையிலை அந்த அக்கா என்னட்டையும் கேட்டவ."

"பிறகேன் தம்பி விடாமல் போன் எடுத்தனீ?"

"எனக்கும் உங்களோடை கதைக்க ஒரு சாட்டு, ஒரு காரணம், வேணுமே மாமா."

தியாகலிங்கம் கொஞ்சநேரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு பெட்டியைக் காட்டி, "உது குழம்புக்கு," என்றார். "படத்துக்கு இந்தா, இது."

கஜீவன் போனைத் தூக்கினான். தியாகலிங்கம் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். அந்த ஒரு சாண் கலவாயை வாங்கி, கையை நீட்டாமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.