உள்ளேயும் ரெண்டு கோட்டு

பலகையில் ஆணியடித்து வைத்திருந்தவரை அது நன்றாகத்தான் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் போனதும் வாயை மூடிக்கொண்டது.

அது என்றால், கிட்டாரின் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல். கிட்டாரிலிருந்து வரும் ஒயரை ஒரு பக்கம் செருக வேண்டும். மறுபக்கத்திலிருந்து இன்னொரு ஒயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். நடுவில் இருக்கிற சுவிட்சைக் காலால் மிதித்தால், அதுவரை சாதுவாக இருந்த கம்பிகள் தொண்டையைச் செருமிக்கொண்டு சண்டைக்கு வரும். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமானால் மெட்ராஸில் யாரையாவது பிடிக்க வேண்டும், அவர் சிங்கப்பூரில் யாரையாவது பிடிக்க வேண்டும். எனக்குச் சிங்காநல்லூரைத் தாண்டி ஆளில்லை. அதனால் நானே செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாட்களில் ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பேன். பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று அம்மா எல்லாக் கச்சேரிக்கும் கூடவே வருவாள். மடியில் பையை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருக்கும் பெண்கள், "உங்க புள்ள பாடுமுங்களா?" என்று கேட்டால் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைப்பாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கிட்டார் என்று சொன்னால் அப்புறம் எதற்கு, ஏன், கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்யும் என்று வரிசையாகப் பதில் சொல்ல வேண்டி வரும். அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளகோவிலில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு பாட்டைக் கேட்டிருந்தார்கள். அதன் நடுவில் கிட்டார் மட்டும் கரகரவென்று தனியாக வரும் ஓர் இடம் உண்டு. பெடல் இல்லாமல் அதை வாசித்தால் கொசு பாடுவதுபோல இருக்கும். எங்கள் ஆர்கெஸ்ட்ரா தலைவர் கீபோர்டு வாசிப்பவர். புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார். அதில் கிட்டார் சத்தத்துக்கு என்றே ஒரு பட்டன் இருந்தது. ஒத்திகையில் அதை அழுத்திக் காட்டிவிட்டு, மிகவும் தன்மையாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கலாமுங்க அம்மணி. உங்க டப்பா பேசுச்சுன்னா நீங்களே வாசிங்க. பேசுலீன்னா சங்கடப்படாதீங்க, இந்தப் பட்டன் இருக்குதுங்க. அப்பறம் நீங்களும் வீணா அத்தன தொலவு அலைய வேண்டியதில்லீங்க."

எங்கள் ஊரில் வேலையை விட்டு நிறுத்துவதாக இருந்தாலும் இத்தனை 'ங்க' போட்டுத்தான் நிறுத்துவார்கள். வெள்ளகோவிலுக்கு மட்டுமில்லை, இனி எந்த ஊருக்குமே நான் அலைய வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள். என் நாற்காலியில் ஒரு பட்டன் உட்காரப் போகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை நன்றாக ஓடும்.

டவுன்ஹால் பக்கம் ரேடியோ ஸ்பேர் விற்கும் கடையில் சாமான்களைப் பொறுக்கினேன். எங்கோ கிடைத்த ஜெராக்ஸில் இருந்த படத்தைப் பார்த்து ஒரு பலகைமேல் எல்லாவற்றையும் சால்டர் செய்தேன். முதல் தடவையே உறுமியது. இனி அதை ஒரு பெட்டிக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மாமாவுக்கு, எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட். மோட்டார் ஸ்டார்ட்டருக்கு இரும்புத் தகட்டில் பெட்டி செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். நான் கேட்டதும் கையகலத்தில் ஒரு குட்டி ஸ்டார்ட்டர் பெட்டியை வளைத்து, துளை போட்டு, சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக மின்னும் ஹேமர்டோன் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். ஷெட்டில் இருக்கும் பெரிய பெட்டிகளுக்குப் பிறந்த குட்டி மாதிரியே இருந்தது. நான் குதிக்காத குறை.

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பெட்டிக்குள் பொருத்தி மூடினேன். அம்மா அதைக் கையில் வாங்கி, வீட்டுக்கு வரும் எந்தப் புது மெஷினுக்கும் செய்வதுபோல, சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் கொடுத்தாள். நான் ஒயர்களைச் செருகி, சுவிட்சை மிதித்து, கம்பியை இழுத்தேன்.

ஒன்றும் இல்லை.

மிதித்தாலும் இல்லை, மிதிக்காவிட்டாலும் இல்லை. பெட்டியின் தலையில் சிவப்பு விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்தது. ஆம்பிலிருந்து லேசாக ஒரு 'ம்ம்' வந்தது. நாம் கதை சொல்லும்போது தூங்கிக்கொண்டே 'ம்ம்' போடுவார்களே, அந்த 'ம்ம்'.

பதற்றப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதற்றப்பட்டேன். பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுரீர் என்றது. கிட்டாரை நேராக ஆம்பில் சொருகினேன், பாடியது. ஒயர்களை மாற்றினேன். பெட்டியைத் திறந்து சுவிட்சின் கால்களில் மீட்டரை வைத்தேன், சரியாக இருந்தது. எல்லாச் சால்டரையும் மறுபடி உருக்கினேன். நன்றாக இருந்த டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டேன். விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிவதுபோலத் தோன்றியது, அதுவும் என்னைக் கிண்டல் செய்யத்தான் என்று நினைத்தேன். ஊரார் வீட்டு ஸ்டெபிலைசர்களையெல்லாம் எழுப்பி உட்கார வைத்தவளுக்குச் சொந்த டப்பா டிமிக்கி கொடுத்தது.

கடைசியில் என் கண் அந்தச் சந்தனத்தில் போய் நின்றது. பொட்டு, ஒயர் முனையில் இருக்கும் இரும்புப் பின்னைச் செருகும் துளைக்கு ஒட்டினாற்போல இருந்தது. ஈரச் சந்தனம் துளைக்குள் வழிந்திருக்கும், வேறென்ன. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் கத்தினேன்.

"அம்மா, உன்னோட பொட்டுதான். சந்தனம் உள்ள போயி எல்லாம் போச்சு."

அம்மா சமையலறையிலிருந்து ஈரத்துணியோடு வந்தாள். அவளுக்கும் ரோஷம் உண்டு.

"சாமிக்கு வெச்ச பொட்டு என்ன கண்ணு பண்ணும்? மோட்டாருக்கு வெக்கறோம், தறிக்கு வெக்கறோம், அதெல்லாம் ஓடலியா? உன்ற டப்பாவுக்கு மட்டும் ஆகாதாக்கும்."

சொல்லிக்கொண்டே, ஒயரெல்லாம் செருகியிருந்தபடியே, பெட்டியை அழுந்தத் துடைத்தாள். பிறகு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் பின்களை ஈரக் கைகளால் பிடித்து, அண்டாவைக் காதைப் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்கி, என் முகத்துக்கு நேரே காட்டினாள். "பாரு, தொடச்சுப்போட்டேன். இப்பப் பாடச் சொல்லு."

நான் எரிச்சலில் கம்பிமேல் ஓர் அடி அடித்தேன்.

வீடு அதிர்ந்தது. பலகையில் கேட்டதைவிட இரண்டு மடங்கு உறுமல். ஜன்னல் கம்பியெல்லாம் சேர்ந்து பாடியது. அம்மா பெட்டியை விடாமல் அப்படியே நின்றாள். நான் பல்லெல்லாம் தெரிய அடுத்த கம்பியை இழுத்தேன், அதற்கடுத்ததையும் இழுத்தேன். அப்போது பட்டென்று ஆம்ப் செத்தது, ஃபேன் நின்றது, மின்சாரமே போய்விட்டது.

ஷெட்டிலிருந்து மாமா ஓடி வந்தார். மெயின் சுவிட்சை இறக்கியதே அவர்தான்.

"அத்தை, போர்வெல்லு மோட்டார யாராச்சும் போட்டீங்களா? ஒரு பேஸு போயிருச்சுங்க. உர்ருனு ரெண்டு பேஸுல இழுக்குது. இன்னேரம் காயில் கருகியிருக்கும்."

விஷயம் இதுதான். மூன்று பேஸில், அதாவது மூன்று லைன் கரண்டில், ஓட வேண்டிய மோட்டாருக்கு ஒரு பேஸ் வராமல் போனால், அது சுற்ற முடியாமல் முக்கி உறுமும். கொஞ்சம் விட்டால் உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அதாவது காயில், எரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் காதில் விழுந்தால் சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடுவார்கள். என் பெடலின் சத்தம் அச்சு அசல் அந்தச் சத்தம். கோயமுத்தூர்க்காரி செய்தது வேறெப்படி இருக்கும்.

நான் விளக்கிச் சொன்னதும் மாமா சிரித்து முடித்து, மெயினை ஏற்றிவிட்டு வந்தார். அம்மா பெட்டியைத் தரையில் வைத்திருந்தாள். மாமாவுக்கு வாசித்துக் காட்ட நான் கம்பியை இழுத்தேன்.

மறுபடியும் 'ம்ம்'.

"தொடச்சதுல வந்துதுல்ல, அப்பறம் ஏன் போச்சு?" என்றாள் அம்மா. குனிந்து, முன்போலவே இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள். நான் இழுத்தேன், உறுமியது. அவள் கையை எடுத்தாள், நின்றது. மறுபடி பிடித்தாள், உறுமியது.

"அத்தை புடிச்சாத்தான் பாடுமாட்ட இருக்குது," என்றார் மாமா. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சந்தனத்தைக் குறை சொன்ன எனக்குச் சாமியே பதில் சொல்லிவிட்டது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"ஒரு கைய மட்டும் எடும்மா," என்றேன். எடுத்தாள், நின்றது. இரண்டு கையும் வேண்டும்.

அப்போதுதான் எனக்கு விடிந்தது. பலகையில் இருந்தபோது இரண்டு பக்கத்து எர்த்தையும், அதாவது கரண்டு திரும்பிப் போகும் முனைகளையும், ஒரு கிளிப் ஒயரால் இணைத்திருந்தேன். பெட்டிக்கு மாற்றும்போது அதைக் கழற்றிவிட்டேன். பெட்டியே இரும்பு, அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பெட்டியே சேர்த்துவிடும், தனி ஒயர் எதற்கு என்ற என் கெட்டிக்காரத்தனம். ஆனால் இரும்பு எங்கே இருந்தது? எல்லாவற்றையும் மீட்டர் வைத்துச் சோதித்த நான் பெட்டியை மட்டும் சோதிக்கவில்லை. மாமா செய்த பெட்டியில் என்ன தப்பு இருக்கப்போகிறது?

"மாமா, இதுக்கு உள்ளயும் பெயிண்ட் அடிச்சீங்களா?"

மாமாவின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "அடிக்காம? வெளிய ஒரு கோட்டுத்தான் எல்லாருக்கும். உனக்குன்னு உள்ளயும் ரெண்டு கோட்டு அடிச்சுப்போட்டேன் அம்மணி. ஓட்டைக்குள்ள கூடப் பிரஷ்ஷ உட்டு எடுத்தேன். எத்தன மழக்கும் துருப் புடிக்காது."

பாசத்தில் அடித்த இரண்டு கோட்டு. கரண்டுக்கு அது சுவர். அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல்தான் சத்தம் உள்ளேயே நின்றிருந்தது. நான் மிச்சம் பிடித்த ஒயரின் இடத்தில், இரண்டு பின்னையும் பிடித்துக்கொண்டு அம்மா நின்றதும் தாண்டிவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே அம்மாவும் சிரித்தாள்.

சுரண்ட வேண்டும் என்றதும் மாமாவின் முகம் வாடிப்போனது. என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி அப்பால் வைத்தார். "நீ கோரமாக் கீறிப்போடுவ. குடு இங்க." உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் உள்பக்கத்தில் வாஷர் உட்காரும் அளவுக்கு மட்டும் வட்டமாகத் தேய்த்தார். வெள்ளையாக இரும்பு தெரிந்தது. நான் என் பங்குக்கு அந்த ஒயரையும் போட்டேன். இரண்டு பேரும் இறுக்கி மூடினோம். இழுத்தேன். அம்மா பிடிக்காமலே உறுமியது. மாமா அது பெடல் என்பதை மறந்துபோய் ஒரு கணம் மெயின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாம் புடிக்காமயே வருது பாரு," என்றாள் அம்மா. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. புதிதாக ஒரு பொட்டு வைத்தாள், இந்த முறை துளைகளை விட்டுத் தள்ளி.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலுக்குப் போகும் வேனில் பெட்டி என் மடியில் இருந்தது. பல்லடத்தில் டீக்கு நிறுத்தியபோதுகூட நான் இறங்கவில்லை. தலைவர் எட்டிப் பார்த்து, "பேசுதுங்களா?" என்றார். "பேசுமுங்க," என்றேன். "நல்லதுங்க. எதுக்கும் பட்டன் ஒரு பக்கம் இருக்கட்டுமுங்க," என்றார்.

மண்டபத்தில் அம்மா முன்வரிசைக்குப் போகவில்லை. மேடைக்கு ஏறும் படியில், என் காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "எதுக்கும் இருக்கட்டும். நின்னுதுன்னாப் புடிச்சுக்கறேன்," என்றாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். நான் போகச் சொல்லவில்லை. பெட்டியை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன்.

அந்தப் பாட்டு வந்தது. என் இடம் நெருங்க நெருங்கத் தலைவரின் விரல் பட்டனுக்கு மேலே போய் நிற்பதைப் பார்த்தேன். நான் மிதித்தேன்.

உறுமியது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். பந்தியிலிருந்து இலையை விட்டுச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். நான் வாசிக்க வேண்டியதை வாசித்துவிட்டு, வாசிக்க வேண்டாததையும் கொஞ்சம் வாசித்தேன். தலைவர் பட்டனிலிருந்து விரலை எடுத்து, என்னைப் பார்த்துத் தலையசைத்து, அதே கையால் தாளம் போட ஆரம்பித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும்போது, பெண் வீட்டு அம்மா ஒருவர் மூச்சு வாங்க வேகமாக வந்தார். என் அம்மாவின் தோளைத் தொட்டார்.

"ஏனுங்க, இங்க மோட்டாரு ஏதாச்சும் ஓடுதுங்களா? பேஸு போன மாதர உர்ருனு சத்தம் கேட்டுதுங்க. மெயின எறக்கச் சொல்லட்டுங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். வழக்கம்போலத் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் படியிலிருந்து எழுந்து நின்றாள்.

"மோட்டாரு இல்லீங்க," என்றாள். "அது எம்பட புள்ளைங்க."