அமாவாசையன்று வந்த ஜீப்

நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு அமாவாசை மறந்துபோகுமா? எனக்கு மறந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் இரண்டாம் வருடம். ஏனாத்தூர் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டே, தறியிலிருந்து குழந்தைகளை மீட்கிற ஒரு சின்னக் குழுவில் சேர்ந்திருந்தேன். மற்ற நாலு பேரும் சென்னைக்காரர்கள். காஞ்சிபுரத்துத் தறியை அறிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய நெசவாளியின் இரண்டு கை போதாது. பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூலைச் சுமந்து ஓடும் கட்டையான கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் அது குழந்தைதான். நானே ஏழு வயதில் அப்பாவுக்குத் தள்ளியிருக்கிறேன். அதனால் தெருவில் நின்று தறிச் சத்தத்தைக் கேட்டாலே, உள்ளே இன்னொரு கை இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன்.

அப்படித்தான் அவளைக் கண்டுபிடித்தேன். பத்து வயது. அம்மா செத்ததும் அப்பன் ஒரு தறிக்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டவன், திரும்பிப் பார்க்கவில்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை தறிதான். குழாயடியில் மட்டும்தான் அவளிடம் பேச முடியும். குடம் நிரம்புவதற்குள் ஸ்கூல் யூனிஃபார்ம் என்ன கலர் என்று விசாரிப்பாள். போகும்போது தவறாமல் ஒரே கேள்வி.

"எப்பக்கா வந்து என்னை கூட்டிக்கினு போவீங்க?"

மனு மேல் மனு எழுதி, ஆறு மாதம் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த பிறகு அதிகாரி ஒருவழியாக இறங்கிவந்தார். வருகிற புதன்கிழமை காலையில் சோதனைக்குப் போகலாம் என்றார். வந்தால் போதும் என்று தலையை ஆட்டினேன். காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. நேரே குழாயடிக்கு ஓடி, புதன்கிழமை துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இரு என்று அவளிடம் சொன்னேன்.

புதன்கிழமை ஜீப் அந்தத் தெருவில் திரும்பியது. ஒரு தறிச் சத்தம் இல்லை. வாசல்களில் கோலமும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமாவாசையன்று எங்கள் ஊரில் எந்த நெசவாளியும் தறியில் உட்காரமாட்டான். அடிப்பாவி, இதைச் சொல்லத்தானே உன்னைக் குழுவில் வைத்திருந்தார்கள்!

தறிக்காரர் சிரித்த முகமாக நாற்காலி போட்டார். தறி துணி போர்த்திக் கிடந்தது. பக்கத்தில் அவள், தலைக்குக் குளித்து, கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றாள். அண்ணன் மகள், விருந்துக்கு வந்திருக்கிறாள் என்றார் அவர். நான் அவள் விரல்களை விரித்து, பட்டிழை அறுத்த கோடுகளைக் காட்டினேன். வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால்தான் எழுத முடியும் என்ற அதிகாரி, அவள் பக்கம் குனிந்தார்.

"இன்னிக்கு தறியில உக்காந்தியாம்மா?"

"இல்ல சார். இன்னிக்கு அமாவாசை."

நேற்று உட்கார்ந்தாயா என்று கேள்வியை மாற்றிக் கேட்டேன். தறிக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் விரல்களை மடக்கி மஞ்சள் பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

குழந்தை எவரும் தறியில் இல்லை என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார் அதிகாரி. போடமாட்டேன் என்றால் இனி ஜீப்பே வராது என்று பயந்தேன். போட்டுவிட்டேன்.

நாங்கள் ஏறும்போது அவளும் பின்னாலேயே வந்து, பையை ஜீப்பில் வைத்துவிட்டு ஒரு காலைத் தூக்கினாள். நான்தான் அவளைப் பிடித்து இறக்கினேன். பையையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அந்தத் தெருவில் போய் நின்றேன். அதே வீட்டில் தறி ஓடியது. ஆனால் கரை நாடா தயங்கித் தயங்கி வந்தது. பழகாத கை. அவளை எங்கே அனுப்பினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தென்னேரிப் பக்கம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அங்கே வீடு வீடாகத் தேடியும் அவள் கிடைக்கவில்லை.

அலுவலகத்துக்கு ஓடி, அவளைத் தேடச் சொல்லி அழுதேன். அப்படி ஒரு பிள்ளை அந்தத் தறியில் இருந்ததே இல்லையே என்று, புதன்கிழமை எழுதிய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். கீழே என் கையெழுத்து இருந்தது.