கீரையே எலையில சோறு

எங்கள் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் மாதப் பத்திரிகையிலிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. கோவில்களில் ஆர்மோனியம் வாசிக்கிற எல்லோருக்கும் அதை அனுப்பியிருந்தார்கள். இரண்டே கேள்வி. சமீபத்தில் கேட்டதில் உங்களுக்குப் பிடித்த இசை எது? புதிதாக ஒலிப்பதிவு செய்யும் திட்டம் உண்டா? முதல் கேள்விக்கு ‘எதுவுமில்லை’ என்று எழுதினேன். இரண்டாவது கேள்விக்கு இடம் போதாமல் கார்டின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எழுதினேன்.

அது அறுபதுகளின் கடைசி. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்துப் பங்குப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆர்மோனியம்.

‘எதுவுமில்லை’ என்று எழுதியது திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்கிற மாதிரி என்ன இருந்தது? லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்த நேரம். அதுவரை பங்குச் சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பூசை செய்வார். பீடத்தைத் திருப்பிப் போட்டதும் எங்களைப் பார்த்து நின்றார், அவர் கொட்டாவி விடுவதெல்லாம் தெரிந்தது. எங்கள் ஊரில் தமிழ் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற வீடு எல்லாம் உண்டு. லத்தீன் யாருக்கும் புரியாது, அதனால் யாருக்கும் வருத்தமில்லை. தமிழ் வந்த முதல் மாசமே தெலுங்கு வீடுகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. புதுப் பாட்டுகள் வந்தன. மாசா மாசம் டவுனிலிருந்து சைக்ளோஸ்டைல் தாளில் வரும். கையெல்லாம் மை ஒட்டும். போன வருஷத்து சினிமா டூயட்டை எடுத்து, ‘கண்ணே’ என்று இருந்த இடத்தில் ‘கர்த்தரே’ என்று போட்டால் அது பக்திப் பாட்டு! அதை எழுதினவருக்குக் கூச்சமில்லை, பாடுகிறவர்களுக்கும் இல்லை. ஓசூரில் ஒரு பையன் கிதார் கொண்டுவந்து பூசையில் வாசித்தான். அவனுக்குத் தெரிந்தது மூன்றே மூன்று ஸ்வரக்கூட்டு. எல்லாப் பாட்டும் அந்த மூன்றுக்குள்ளேயே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அதற்குக் கைதட்டினார்கள், கோவிலுக்குள்.

நான் இப்படிப் பேசுவதற்கு ஒரு காரணம் இருந்தது. சாமியாராவதற்குப் படிக்கிற குருமடத்தில் மூன்று வருஷம் இருந்தவன் நான். லத்தீன் கீதமெல்லாம் நோட்டு பார்த்துப் பாடுவேன். நாலாவது வருஷம் தொடங்கும்போது என்னைக் கூப்பிட்டு, ‘உனக்கு அழைத்தல் இல்லை’ என்று சொல்லி, டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். சாமியாராகத்தான் ஆக முடியவில்லை, இந்த ஊரில் என்னைவிடப் படித்தவன் எவன் இருக்கிறான் என்கிற நினைப்பிலேயே பத்து வருஷம் ஆர்மோனியத் துருத்தியை அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்புக்கு நல்ல தீனி போட்டவள் ஒருத்தி. மாந்தோப்புகளில் கூலி வேலை செய்கிறவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கோவிலில் தமிழ். எழுத்து எதிலும் தெரியாது. பின்வரிசையில் பெண்கள் பக்கம் முழங்கால் போட்டிருப்பாள். லத்தீன் பூசை இருந்த காலத்தில் ஒரு திருவிழாவுக்கு முந்தின வாரம், ஒத்திகையில் அவள் வாயை உற்றுப் பார்த்தேன். ஏதோ இடறியது.

“என்னம்மா பாடுற?”

“நீங்க பாடுறதுதாங்க.”

“எங்க, சொல்லு பார்க்கலாம்.”

அவள் கையைக் கட்டிக்கொண்டு, பிசகாமல் சொன்னாள்: “கீரையே எலையில சோறு. கிறிஸ்துவே எலையில சோறு. கீரையே எலையில சோறு.”

பாட்டில் உள்ளது ‘கீரியே எலேயிசோன், கிறிஸ்தே எலேயிசோன்.’ ஆண்டவரே இரக்கமாயிரும் என்று அர்த்தம். இவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து கடவுளிடம் கீரையும் சோறும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் மட்டுமா? பின்வரிசை முழுக்க அப்படித்தான் பாடியது. எங்கள் பக்கம் அன்றாடம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான், அதுவும் ஈயத் தட்டில். சோறு என்றால் கோவில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இலை போட்டுப் போடுவது. அந்த வருஷங்களில் அரிசித் தட்டுப்பாட்டில் அதுவும் ஆட்டம் கண்டிருந்தது. மைசூர் எல்லைச் செக்போஸ்டில் அரைப் படி அரிசியைக்கூட மடியை அவிழ்க்கச் சொல்லிப் பிடுங்கினார்கள். கோவிலில் கொடுத்த அமெரிக்கக் கோதுமையைத் திட்டிக்கொண்டே தின்றோம்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் களி தின்றவன்தான். ஆனாலும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திருவிழாவுக்கு வந்த சாமியார்கள் பந்தியில் உட்கார்ந்தபோது இதைச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். கிரேக்கச் சொல் அது, லத்தீன்கூட இல்லை என்று ஒரு விளக்கம் வேறு. கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் அவள்தான். அப்புறம் ஊரில் அவளுக்குக் கீரைச்சோறு என்றே பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூப்பிட்டால் நான் அதட்டியதில்லை.

சரி, ஒலிப்பதிவுக்கு வருகிறேன். பெங்களூரில் சாமியார்கள் சேர்ந்து தமிழ்ப் பூசைப் பாட்டுகளை ஓர் இசைத்தட்டாகப் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒவ்வொரு பங்கிலிருந்தும் ஒரு பாட்டை டேப்பில் பதிந்து அனுப்பலாம், நல்லதாக நாலை எடுப்பார்கள். என்னிடம் ஒன்று தயாராக இருந்தது. ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்கிற அந்த வேண்டுதலுக்கே சுபபந்துவராளியில் மெட்டுக் கட்டியிருந்தேன். இரண்டு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கட்டியது. அந்தத் தட்டில் என் மெட்டு வர வேண்டும். குருமடத்து அறையில் அது சுற்ற வேண்டும். என்னை பஸ் ஏற்றிவிட்டவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்காக எதையும் செய்திருப்பேன்.

பாடத்தான் ஆளில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் பள்ளியிலிருந்து ஆறு பெண்கள் வருவார்கள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரிக் குரல். மூன்றாம் வரிசைக்குக் கேட்காது. ஊரில் குரல் என்று ஒன்று இருந்தால் அது கீரைச்சோற்றிடம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் கூப்பிட்டனுப்பினேன். ஒரே தடவை கேட்டாள், மெட்டு மனப்பாடம். புதுச் சொற்களையும் அட்சரம் பிசகாமல் சொன்னாள். பரவாயில்லையே என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை சாமியார் டேப் ரெக்கார்டரை மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துவந்தார். அன்று ஒருநாள்தான் இரவல். டேப்பும் ஒன்றே ஒன்று. எந்தப் பொத்தானை அழுத்தினால் பதியும், எதை அழுத்தினால் டேப் பின்னால் ஓடும், பழையதன் மேலேயே பதிந்தால் பழையது அழிந்துபோகும் என்றெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டு, மலைப்பக்கத்து ஊரில் சாகக் கிடந்த ஒரு கிழவருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

முதல் தடவை பாடினாள். ஸ்வரம் எல்லாம் சரி, தாளம் சரி. ஆனால் தபாலாபீசில் மணியார்டர் பாரத்தைப் படித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. டேப்பை முதலுக்கு ஓட்டி அதன் மேலேயே பதிந்த இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை பாதியில் ஆர்மோனியத்தை நிறுத்திக் கத்தினேன்.

“உனக்கு என்ன கேடு? பின்னால உட்கார்ந்து கூரை பறக்கப் பாடுவியே, அந்தக் குரல் எங்க போச்சு?”

“நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதாங்க பாடுறன்.”

“மாதிரி இருக்கு, உயிரைக் காணோமே!”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குத்தலாகச் சொல்கிறவள் இல்லை அவள். கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

“பாட்டு நல்லாத்தாங்க இருக்குது வாத்தியாரே. ஆனா அதுல சோறு இல்லீங்களே.”

தையல் பள்ளிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு நாள் அந்தச் சிரிப்பு அவள் பக்கம் போய்க்கொண்டிருந்தது, இப்போது என் பக்கம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“சரி, அந்தக் கண்றாவியையே பாடித் தொலை. மெஷினாவது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கிறேன்” என்று சொல்லி டேப்பை முதலுக்கு ஓட்டி, பொத்தானை அழுத்தினேன்.

“பழசுங்களா?”

“பழசுதான்.”

“அவுனா!” என்றாள். சந்தோஷம் வந்தால் தெலுங்கு வந்துவிடும் அவளுக்கு.

பாடினாள். ‘கீரையே’ என்று மெதுவாகத்தான் எடுத்தாள். ‘எலையில’ என்கிற இடத்தில் அந்தப் பழைய லத்தீன் மெட்டு ஏறி இறங்கி ஏறும். குருமடத்தில் அந்த இடம் பிசகியதற்காகவே எங்கள் நாற்பது பேரையும் முட்டிபோட வைத்திருக்கிறார்கள். இவள் அதை மூச்சு விடாமல் ஏறினாள். ‘கிறிஸ்துவே’ என்று கூப்பிட்டபோது எதிரில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது, வராவிட்டால் விடமாட்டாள் என்று தோன்றியது. தையல் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் நான் கேட்ட ஒரே இசை அதுதான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது எனக்குத் தெரிந்தது. மூன்று வருஷக் குருமடத்திலும் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

முடித்துவிட்டு, “நல்லாருந்துச்சுங்களா?” என்று கேட்டாள்.

“மெஷின் சரியாத்தான் இருக்கு. நீ போகலாம்” என்றேன்.

அவள் போனதும் டேப்பை மறுபடி முதலுக்கு ஓட்டினேன். அவள் பாட்டின் மேலேயே, அந்த ஆறு ஊசிக் குரல்களை வைத்து என் சுபபந்துவராளியைப் பதிந்தேன். பாட்டு முடிந்ததும் பொத்தானை நிறுத்தினேன். போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். டப்பாவின் மேல் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, திங்கட்கிழமை பெங்களூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

ஒரு மாசம் கழித்து என் பெயருக்கே கடிதம் வந்தது. மெட்டு இலக்கண சுத்தமாக இருக்கிறது, ஆனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள். அப்புறம் இப்படி இருந்தது: ‘உங்கள் பாட்டு முடிந்தபின் டேப்பில் ஒரு பெண் குரல் சில நொடி கேட்கிறது. இலையில் சோறு என்பதுபோல் காதில் விழுகிறது. நாங்கள் எல்லோரும் நாலைந்து தடவை ஓட்டிக் கேட்டோம். அது யார்? அந்தப் பாட்டை முழுமையாக அனுப்ப முடியுமா?’

எனக்கு உடனே விளங்கிவிட்டது. லத்தீன் மெட்டு நீளம். என் மெட்டு அதைவிடக் குட்டை. நான் பொத்தானை நிறுத்திய இடத்துக்கு அப்பால் அவள் பாட்டின் வால் அழியாமல் நின்றிருக்கிறது. நான் இரண்டு மாசம் கட்டிய இரக்கம் போய்ச் சேரவில்லை, அவளுடைய சோறு போய்ச் சேர்ந்துவிட்டது!

ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் தெரிந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தோப்பில், பறித்துப் போட்ட காயைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் வந்து நிற்பாள். சாமியாரிடம் சொன்னால் அந்த மெஷினை இன்னொரு நாளைக்கு வாங்கிவிடுவார். நான் ஒரு கார்டை எடுத்து எழுதினேன்: ‘அது பாட்டு அல்ல. கோவிலுக்குப் பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்ட சத்தம். கவனக் குறைவுக்கு மன்னிக்கவும்.’ எங்கள் கோவிலைச் சுற்றி அரை மைலுக்கு வீடே கிடையாது. பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

இந்த லட்சணத்தில் அதே வாரம் மாதப் பத்திரிகையும் வந்தது. சமீபத்தில் கேட்டதில் பிடித்த இசை என்று போட்டு, அதற்கு நேராக ‘எதுவுமில்லை’ என்று என் பெயரோடு அச்சடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தேன். அவள் வந்து கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

“பெங்களூருக்காரங்க என்னாங்க சொன்னாங்க?”

“பிடிக்கலையாம்.”

“அய்யோ பாவம்” என்றாள். நிஜமாகவே அவளுக்கு முகம் வாடிவிட்டது, எனக்காக. “உடுங்க வாத்தியாரே. அடுத்த பாட்டுல கொஞ்சம் சோறு வெச்சுக் கட்டுங்க, எடுத்துக்குவாங்க.”

“சரிம்மா” என்றேன்.