லீவு ஃபாரத்தில் பூநாரை

இன்று லீவு ஃபாரத்தில் உண்மையான காரணத்தை எழுதிவிட்டேன்: "ஓசூர் பறவை பார்ப்போர் குழுவுடன் கோடியக்கரை சரணாலயம் செல்ல."

சூப்பர்வைசர் சிரித்தார். "கொக்கு பாக்க லீவா? காய்ச்சல்னு எழுதிக் குடும்மா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

எங்கள் ஃபாக்டரி லைனில் அதுதான் வழக்கம். லீவுக்காக ஒரே தாத்தாவை மூன்று முறை சாகடித்தவர்கள் இருக்கிறார்கள்.

"எனக்குக் காய்ச்சல் இல்ல சார்."

"இந்த வெயில்ல அங்க என்னம்மா இருக்கும்? குளிருக்கு வந்ததெல்லாம் பறந்து போயிருக்குமே."

"போகாம தங்கிட்ட பூநாரைங்களைப் பாக்கத்தான் போறோம் சார்."

ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். நாலாவது தடவை, நான் எழுதியதை அடித்து, 'காய்ச்சல்' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதை நான் அடித்து, 'பூநாரை' என்று எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது வேலை இருக்குமா, தெரியாது. அதுவரை நீங்கள் சொல்லுங்கள்: உங்கள் தாத்தா இதுவரை எத்தனை முறை செத்திருக்கிறார்?