அலுமினிய அச்சு

புதிதாக வாங்கிய அலுமினியச் சட்டியை நேற்று மனைவி அடுப்பிலிருந்து இறக்கினாள். "ஆறிடுச்சி, தொட்டுப் பாத்துட்டேன். எடுங்க" என்றாள். நான் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். "என்மேல அவ்ளோ நம்பிக்கை" என்று சிரித்தாள். அவள்மேல் குறையொன்றும் இல்லை. அலுமினியத்தின் குணத்தை எனக்குக் காட்டியவன் தேவராஜ்.

ஆம்பூரில் தோல்பை தைக்கும் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் ஒரே மெஷின். சூடான அச்சை அழுத்தித் தோலில் பெயர் பதிக்கும் வேலை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வருவான். பழைய இயற்பியல் பாடப்புத்தகம் ஒன்று அவன் சாப்பாட்டுப் பையிலேயே கிடக்கும். வெப்பம் பற்றிய பாடம் பூராவும் ரசம் கொட்டிப் புளிவாசம். உலோகத்துக்குள் அணுக்கள் நின்ற இடத்திலேயே ஆடுகின்றன, சூடேற்றினால் இன்னும் வேகமாக ஆடுகின்றன என்று படித்துக் காட்டினேன். "நம்மள மாரியே, இருக்கிற எடத்துல ஆடினு கெடக்குதுங்க" என்றான்.

அதுவரை இருந்தது பித்தளை அச்சு. மெதுவாகக் காயும், காய்ந்தால் லேசில் ஆறாது. பிறகு அலுமினியத்தில் ஒன்று வந்தது. சட்டென்று ஏறும், ஆனால் ஒவ்வொரு தோலும் அதன் சூட்டைக் கொஞ்சம் குடித்துவிடும். நாலு பை போனால் எழுத்து மங்கும். "இதுக்கு ஞாபகசக்தி கம்மி தோஸ்த்" என்பான்.

ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது, எழுத்து மங்குகிறதென்று தேவராஜ் சூட்டை ஏற்றியிருக்கிறான். அப்படியே விட்டுவிட்டு டீக்குப் போயிருக்கிறான். தோல் படாமல் சும்மா இருந்த அச்சு காய்ந்துகொண்டே போயிருக்கிறது. இடைவேளை முடிந்தால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் பதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். துண்டைக் கையில் எடுத்தேன். "நான் போட்டுப் பாத்துட்டேன்பா, நீ ஆரம்பி" என்றான். ஆரம்பித்தேன்.

தோல் கருகும் நாற்றம் உங்களுக்குத் தெரியாதென்றால் நல்லது. அது வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சாம்பிள் பை.

"சூட்ட ஏத்துனது யாரு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். அவனே சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன்.

"இவன்தான் சார். புக்க படிச்சிட்டு இன்னாவோ பண்ணினு இருந்தான்."

புத்தகம் அவன் பையில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். மறுநாள் என்னை லோடு ஏற்றப் போட்டார்கள். சாயங்காலம் ரயிலடியில் பக்கத்தில் வந்து நின்றான். "ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தன் போனா போதும்ல" என்றான். அந்த ஒருத்தன் யாரென்று அவனே முடிவு செய்திருந்தான்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பெயர் பதிப்பதெல்லாம் லேசராம். அச்சும் கிடையாது, கழிவுத் துண்டும் கிடையாது. எவ்வளவு குளிர்ந்தாலும் அணுக்களின் ஆட்டம் அடியோடு நிற்பதில்லை என்று வெகுகாலம் கழித்து வேறொரு புத்தகத்தில் படித்தேன். படித்ததும் அவனிடம் சொல்லத்தான் முதலில் தோன்றியது.