ஆறு என்ன பாவம் பண்ணுச்சு?

உரித்த தேங்காய்க் குவியலில் இருந்து ஒரு வாசம் வரும்... ஈர நாரும் மண்ணும் கலந்த வாசம். இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் என் கை தானாக மீசைக்குப் போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒக்கூர். நான் கணக்கில் டிகிரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த மாமேதை. அக்கா மகள் செல்வி இரண்டாம் வகுப்பு.

பள்ளி ஆண்டு விழாவில் பத்துப் பிள்ளைகள் மேடையேறி, அஞ்சு அஞ்சாக நூறு வரை சொல்ல வேண்டும். செல்வி "அஞ்சு" என்பாள். அடுத்து "ஆறு" என்பாள். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் மேடை கிடையாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். பிள்ளை அழுத அழுகையில் ஊரணி ஓரடி ஏறியது.

"நான் இருக்கேன்க்கா. அவளுக்கு வராட்டி என் மீசைய எடுத்துர்றேன்."

அது லேசுப்பட்ட மீசையா? திருச்சி ரோட்டில் லாரிகளே ஹாரன் அடித்து அதனிடம் வழி கேட்கும். அக்கா உடனே கத்தரிக்கோலைத் தேடி எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

சிலேட்டில் எழுதினேன்... படியில் தாவவிட்டேன்... ம்ஹூம். மூன்றாம் நாள் செல்வியே கேட்டாள்.

"ஆறு என்ன மாமா பாவம் பண்ணுச்சு? அத ஏன் விட்டுட்டுப் போறீக?"

டிகிரி வாங்கிய மண்டையைச் சொறிந்தேன்.

அன்றைக்கு எங்கள் தோப்பில் தேங்காய் எண்ணினோம். ஒரு கையில் மூன்று, மறு கையில் இரண்டு. குடுமியைப் பிடித்துத் தூக்கி, "அஞ்சேய்... பத்தேய்..." என்று ராகம் போட்டு எறிய வேண்டும். நூறு வந்ததும் அடையாளத்துக்கு ஒரு காயைத் தனியே வைத்து, "நூத்துக்கு ஒண்ணு!" என்று கத்துவோம்.

சட்டென்று பொறி தட்டியது.

"தாயி, இங்குட்டு வா. ஆற யாரும் விடல. ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்து... அஞ்சு பேரும் சேந்துதான் போறாக. நம்ம கடைசி ஆளு பேர மட்டும் கூப்பிடுறோம்."

"அப்ப ஆறும் உள்ளதான் இருக்கா?"

"உள்ளதான் இருக்கு."

சிரித்தாள். அன்று தோப்பில் ஒரு குருவிகூடத் தூங்கவில்லை, அப்படி ஒரு ராகம்!

விழாவில் மற்ற ஒன்பது பிள்ளைகளும் நூறோடு நிறுத்திக் கை கட்டிக்கொண்டார்கள். செல்வி நிறுத்தவில்லை. சிறப்பு விருந்தினர் முன்னால் தட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தாள். "நூத்துக்கு ஒண்ணு!" என்று முழங்கிவிட்டு, "நூத்தியஞ்சேய்..." என்று கிளம்பினாள். குவியல் என்ன நூறோடு முடியுமா?

நானூற்றில் எலுமிச்சம்பழம் தீர்ந்துபோனது. டீச்சர் மணியடித்துத்தான் நிறுத்தினார். கைதட்டிய சத்தத்தில் கோவிலூர்க் கோபுரத்துப் புறாக்கள் காரைக்குடிக்கே குடிபோய்விட்டன.

"பொழச்சுப் போடா" என்றாள் அக்கா. கத்தரிக்கோல் உள்ளே போனது.

இப்போது அந்தத் தோப்பு பிளாட் ஆகிவிட்டது. செல்வி கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் மகனுக்கு டேப்லெட்டில் பாடம். சரியாகச் சொன்னால் நட்சத்திரம் வெடிக்கிறதாம்.

போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினாள். பயல் பிளாஸ்டிக் கட்டைகளை அஞ்சு அஞ்சாகத் தள்ளுகிறான்... நூறு வந்ததும் ஒன்றைத் தனியே எடுத்து வைக்கிறான்.

அது எந்த டேப்லெட்டிலும் இல்லை மக்களே!

என் மீசை வெளுத்துவிட்டது. ஆனால் இருக்கிறது.