கண்ணாடியில் ஒரு கட்டைவிரல்

அவளும் புருஷனும் ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். மேசைமேல் அரிசி அளவுகூட இல்லாத ஒரு லேசர். அதன் ஒளியில் துளி திரும்பி வந்து அதன்மேலேயே பட்டால் போதும், பேய் பிடித்துவிடும். திரையில் நேராக ஓட வேண்டிய கோடு தாறுமாறாகத் துள்ளும். அதை அடக்குவதுதான் இருவரின் பிழைப்பு. வீட்டில் சண்டை வந்தால், உனக்கு அந்த லேசர் எவ்வளவோ தேவலை என்பார் அவர். அப்படியானால் அதனிடமே சோறு கேளுங்கள் என்பாள் இவள்.

அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவள் வேலைக்குத் திரும்பியபோது லேசர் ஆடிக்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடியவள், அதன் முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் ரேகையைக் கண்டாள். குறுக்கே தழும்பு ஓடிய ரேகை. சந்தேகமே இல்லை, அவருடையதுதான். யாராவது கையுறை இல்லாமல் கண்ணாடியைத் தொட்டால் ஊரையே கூட்டுகிற மனுஷன்! கடைசி நாளில் கை நிலைகொள்ளாமல் அதைப் பிடித்திருக்கிறார். உடம்பு முடியவில்லை என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் கோபமாக வந்தது அவளுக்கு, அழுகையும் வந்தது.

துடைத்தால் தீர்ந்தது. ஆனால் வீட்டில் நாத்தனார் நல்லெண்ணத்தில் அவர் சட்டைகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். அவர் உடம்பு விட்டுப்போனதென்று மிச்சமிருந்தது இந்த ரேகை ஒன்றுதான். அவள் துடைக்கவில்லை.

வேறு வழியில் அடக்கப் பார்த்தாள். லேசர் சற்றுமுன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டு, அதற்குப் போகும் மின்சாரத்தை மயிரிழை கூட்டிக் குறைக்கிற ஒரு மின்சுற்றைக் கட்டினாள். அதட்டினால் அது அடங்காது, அதன் போக்கிலேயே போய்த்தான் திருப்ப வேண்டும். வாரக்கணக்கில் உயிரைக் கொடுத்தாள். ஒருவழியாகக் கோடு நேராக நின்றது, ரேகையும் அப்படியே இருந்தது. மேலாளர் வாயெல்லாம் பல்லாக, விருந்தினரைக் கூட்டிவந்து காட்டப்போவதாகச் சொன்னார். இத்தனை பாடு எதற்கு என்று அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

விருந்தினர் வருகிற காலை, மேலாளர் கையுறையோடு மேசையருகே நின்றார்.

"யாரோ கண்ணாடியில கை வெச்சிருக்காங்கம்மா. நல்லவேளை, பாத்தேன். துடைச்சுட்டேன்."

"யாரோ இல்ல சார்," என்றாள்.

கோடு முன்னைவிடச் சுத்தமாக ஓடியது. மேலாளரை என்ன குற்றம் சொல்வது? அவள் குப்பைக்கூடையில் கைவிட்டு, அவர் துடைத்துப் போட்ட மெல்லிய தாளை எடுத்துப் பிரித்தாள். விளக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் வெள்ளையாக இருந்தது.